ஏனோக்கு மகள் எழுதிய இரண்டாவது வரி

ஜெனிட்டா என்கிற பெயர் கிருஷ்ணம்மாவின் காதில் முதன்முதலாக விழுந்தபோது ஆள் அங்கே இல்லை, ஒரு கைக்குட்டைதான் இருந்தது. மாரிக்குப்பத்திலிருந்து விடிவதற்கு முன்னால் பெங்களூருக்குக் கிளம்புகிற ரயிலில், பெண்கள் பெட்டியில், ஜன்னலோரமாக ஒரு நீலக் கைக்குட்டை விரித்திருந்தது. கிருஷ்ணம்மாவுக்கு அன்றைக்குத்தான் புது வேலை ஆரம்பம். கிருஷ்ணராஜபுரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல். ஐம்பத்தாறு வயதில் முட்டி வலியோடு படி ஏறியவள், கைக்குட்டையைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

எதிரே இருந்த ராதிகா, ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ரிசப்ஷனில் இருப்பவள், போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஆன்ட்டி, அது ஜெனிட்டாக்கா சீட்டு."

"ஜெனிட்டாவா? அவளுக்கு இன்னாத்துக்குத் தனி சீட்டு? கலெக்டர் மவளா?"

"அடுத்த ஸ்டேஷன்ல ஏறுவாங்க. நான்தான் கைக்குட்டை போட்டு வெச்சேன். இந்த வரிசையில லைட்டு அங்க மட்டும்தான் எரியுது. அவங்க படிக்கணும்."

"நானும் ஒக்காரணும்."

அடுத்த ஸ்டேஷனில் ஏறினாள் ஜெனிட்டா. நாற்பதை நெருங்கும் வயது, ஒல்லி உடம்பு, ஆஸ்பத்திரி ஆயாக்கள் கட்டுகிற வெளிர்பச்சைப் புடவை. சீட்டில் ஆள் இருப்பதைப் பார்த்தாள். சண்டை போடவில்லை. லைட்டுக்கு நேர் கீழே போய் நின்று, மேலே இருந்த கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் புத்தகத்தைப் பிரித்து வாய்க்குள் முணுமுணுக்க ஆரம்பித்தாள். ரயில் குலுங்கும்போதெல்லாம் அவளுடைய முழங்கை கிருஷ்ணம்மாவின் கொண்டையில் இடித்தது. அவள் மன்னிப்பும் கேட்கவில்லை, நகரவும் இல்லை.

கிருஷ்ணம்மாவுக்கு ஒரு ஆளைப் பார்த்தால் முதலில் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான். அதைக் கேட்டாள்.

"நீ யாரு மவம்மே?"

"ஏனோக்கு மவ. ஊடு ஸ்கெலட்டன் லைன்ல."

"எந்த ஏனோக்கு? கார்பென்டர் ஏனோக்கா, பேண்டு வாசிச்ச ஏனோக்கா, நோட்டீஸ் ஏனோக்கா?"

முணுமுணுப்பு நின்றது. "நோட்டீஸ் ஏனோக்கு."

கிருஷ்ணம்மா எழுந்து இடத்தைக் கொடுத்தாள். "உங்கப்பனுக்காகக் குடுக்கறேன். உனக்காக இல்ல."

"யாருக்காகக் குடுத்தா இன்னாக்கா, லைட்டு ஒண்ணுதானே" என்று ஜெனிட்டா உட்கார்ந்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் ஒடுங்கி, கிருஷ்ணம்மாவுக்கும் பாதி இடம் விட்டாள்.

இவர்கள் ஊரில் தங்கச் சுரங்கம், அதாவது மைன்ஸ், ஓடிய காலத்தில் ஏனோக்கு என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். மூவர் பெண்டாட்டிகளும் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், யாருக்கு எத்தனை பிள்ளை, எது தங்கியது, எது தங்கவில்லை, எல்லாம் கிருஷ்ணம்மாவுக்குத் தெரியும். நோட்டீஸ் ஏனோக்கு மிஷன் ஸ்கூலில் எட்டாவது வரை படித்தவர். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் கம்பெனி இங்கிலீஷில் ஒரு நோட்டீஸை ஒட்டினால், ஷிஃப்ட் விட்டு வருகிறவர்கள் கலையாமல் நிற்பார்கள், ஏனோக்கு வந்து படிக்க வேண்டும் என்று. அதற்கு ஒரு கட்டு இருந்தது. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் படிப்பது கம்பெனி பேச்சு. அதில் ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் குறைக்கமாட்டார், குரலில் காரம் இருக்காது. நடுவில் எவனாவது கத்தினால் பக்கத்தில் நிற்பவனே அவன் வாயைப் பொத்துவான். முழுக்கப் படித்து முடித்த பிறகு ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைப்பார். அப்புறம் வருவதுதான் ஏனோக்கு பேச்சு. அது வேறு மாதிரி இருக்கும். அப்பா சின்னசாமிக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோன ஒன்பது வயதில் கிருஷ்ணம்மா அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

நோட்டீஸ் ஏனோக்கின் கடைசி மகள்தான் ஜெனிட்டா. கம்பெனி மூடிய வருஷம் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். மூடி ஒரு மாதத்தில் பரீட்சை. அப்பா வாசலில் தர்ணாவில் உட்கார்ந்திருந்தார், அம்மா நினைவு தப்பிக் கிடந்தாள், இவள் பரீட்சைக்குப் போகவே இல்லை. அப்புறம் கல்யாணம். புருஷன் கிறிஸ்டோ ராபர்ட்சன்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரே பெண் நர்சிங் படிக்கிறாள். ஜெனிட்டா பெங்களூரில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக ஆயா. பெட்பேன் எடுத்தது, பிணத்தைத் துடைத்தது, பிறந்த பிள்ளையை முதலில் வாங்கியது, எல்லாம் செய்தாயிற்று. திடீரென்று ஒருநாள் ஒரு சர்க்குலர் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் சர்டிஃபிகேட் இல்லாத நிரந்தர ஊழியர்கள் இரண்டு வருஷத்துக்குள் கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லையென்றால் ஏஜென்சி ஆளாக மாற வேண்டும் என்று. ஏஜென்சி என்றால் நாளைக்கு வா என்றால் வர வேண்டும், வராதே என்றால் வீட்டில் இருக்க வேண்டும். பதினாறு வருஷமும் தண்ணீரில் எழுதினதாகிவிடும்.

ஸ்டீவன் என்று ஒரு சூப்பர்வைசர். அவன் ஏஜென்சி பேப்பரைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தான்.

"இந்த வயசுல எதுக்கும்மா உனக்கு இந்தத் தலைவலி? இதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

"தலை என்னுதுதானே சார். நானே வலிச்சுக்கறேன்."

முதல் வருஷம் பிரைவேட்டாக எழுதினாள். தமிழ், கன்னடம், கணக்கு, மற்றது எல்லாம் பாஸ். இங்கிலீஷில் பத்தொன்பது. முப்பத்தைந்து வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வருஷம், ஒரே ஒரு பரீட்சை. கிருஷ்ணம்மா அந்த ரயிலில் ஏறியது அந்த ஜூன் மாதம்.

"எப்பிடிம்மே பத்தொம்பது? மத்ததெல்லாம் பாஸு பண்ணவ" என்று கேட்டாள் கிருஷ்ணம்மா, பழகி ஒரு வாரத்துக்குள்.

ஜெனிட்டா மறைக்கவில்லை. சின்ன வயதில் சர்ச்சில் வசனப் போட்டி என்றால் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. பைபிளிலேயே நீளமான சங்கீதத்தை நிறுத்தாமல் ஒப்பிப்பாள். அதில் வாங்கிய எவர்சில்வர் தட்டுகளை அவள் அம்மா மூத்தவள் கல்யாணத்துக்குச் சீராகவே கொடுத்துவிட்டாள். அந்தத் தைரியத்தில் இங்கிலீஷையும் அப்படியே பிடித்தாள். கைடில் இருந்த பாசேஜ்கள், கீழே இருந்த கேள்விகள், பதில்கள், கமா புள்ளி உட்பட எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணினாள்.

"மொத்தம் இருவத்திரெண்டு பாசேஜ்க்கா. அதுல ஒண்ணு யானை. பரீட்சையிலயும் யானை வந்துச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கல. கீழ கேள்விய படிக்கவே இல்ல, மளமளன்னு எழுதிட்டேன். வெளிய வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. நான் படிச்சது கோயில் யானை. அவங்க கேட்டது மரம் இழுக்கற யானை."

"அடுத்த ஊட்டு யானைக்கு நீ பதில் எழுதிட்டு வந்துகீற."

பெட்டியே சிரித்தது. ஜெனிட்டாவும் கூடச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முதல் ஆளாகப் புத்தகத்தைப் பிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் கையுறை வரும் அட்டைப்பெட்டிகளை அவள் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டிவைத்திருந்தாள். ஒரு பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, மறுபக்கம் தமிழில் அர்த்தம். ஆண்கள் பெட்டியில் ரம்மி ஆடுவதுபோல இங்கே அந்த அட்டைகளைப் பங்கு போடுவார்கள். ராதிகா வார்த்தையைப் படிப்பாள், ஜெனிட்டா அர்த்தம் சொல்ல வேண்டும். சொன்னால் அட்டை அவளுக்கு. சொல்லாவிட்டால் வைத்திருப்பவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போவாள், சாயங்கால ரயிலில் மறுபடி கேட்பாள். மூலையில் தூங்குகிற ஒருத்தி மட்டும், "பரீட்சை உங்களுக்கா எனக்காம்மா, கண்ண மூட விடுங்க" என்பாள். அவளுக்கும் இரண்டு அட்டை கொடுத்துவிட்டார்கள்.

கிருஷ்ணம்மாவுக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இங்கிலீஷ் சுத்தமாக வராது. ஆனாலும் அவள் சும்மா இருக்கவில்லை.

"ரிலக்டன்ட்" என்றாள் ராதிகா.

"மனசில்லாம செய்யறது" என்றாள் ஜெனிட்டா.

"ஆமா, என் மருமவ எனக்குக் காபி குடுக்கற மாதிரி" என்றாள் கிருஷ்ணம்மா.

"ஸ்டபர்ன்."

ஜெனிட்டா யோசித்தாள். "பிடிவாதம்."

"எங்க ஆண்டர்சன்பேட்டை அத்தை. ஒரு தோடுக்காக பதினோரு வருசம் தம்பி ஊட்டு வாசல்ல கால் வெக்கல."

இப்படியே ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு உறவுக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். அபாண்டன் என்றால் இரண்டு பிள்ளையோடு சித்தியை விட்டுவிட்டுப் போன திருப்பத்தூர் சித்தப்பா. ஜெனரஸ் என்றால் பெண் கேட்டு வந்தவர்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு போட்டு அனுப்பிய பெரியம்மா. ஜெனிட்டாவுக்கு அட்டை மறந்தாலும் ஆள் மறக்கவில்லை.

பாசேஜும் அப்படித்தான். ஜெனிட்டா ஒரு பாசேஜைப் படித்துத் தமிழில் சொன்னால் கிருஷ்ணம்மா துருவ ஆரம்பிப்பாள். மழையில் பத்து மைல் நடந்து தபால் கொடுத்த ஒரு போஸ்ட்மேன் கதை வந்தது.

"அவனுக்குப் பொண்டாட்டி கீறாளா?"

"பாசேஜ்ல இல்லக்கா."

"இல்லன்னா? பொண்டாட்டி இல்லியா, இல்ல சொல்லலியா?"

"சொல்லல."

"அப்ப இல்லன்னு சொல்லாத. தெரியாததை இல்லன்னு சொல்லி எங்க சொந்தத்துல ஒரு கல்யாணமே நின்னு பூட்ச்சு. சரி, அவன் யாருக்குத் தபால் கொண்டுபோனான்? அவ அழுதாளா சிரிச்சாளா? இன்னாத்துக்கு?"

ஜெனிட்டா திரும்பப் போய் வரியைத் தேடுவாள். மனப்பாடம் அங்கே எடுபடவில்லை. யார், எங்கே, எதற்கு என்று நாலு பக்கமும் பெண்கள் பிடுங்கும்போது பாசேஜுக்குள்ளே இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. தீபாவளி வருவதற்குள் புது பாசேஜ் ஒன்றைக் கொடுத்தால் பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் சொல்லிவிடுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

ராபர்ட்சன்பேட்டையில் வால்டர் சார் நடத்துகிற டுடோரியலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தாள். பிரைவேட் ஆட்களின் பரீட்சை ஃபார்மை வாங்கி, மொத்தமாக ஸ்கூலில் கட்டுவது அவர் வழக்கம். ஆனால் அவர் வைக்கும் மாடல் டெஸ்டில் பாஸ் ஆனவர்கள் ஃபார்ம்தான் போகும். வாசலில் நூற்றுக்கு நூறு பாஸ் என்று போர்டு வைத்திருந்தார். அதைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா. டிசம்பர் முதல் ஞாயிறன்று டெஸ்ட் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார். ஜெனிட்டாவுக்கு முப்பத்துமூன்று.

திங்கள்கிழமை ரயிலில் அந்தப் பேப்பர் கை மாறியது. ஒரு பதிலின் மேல் மட்டும் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி.

"இது இன்னா கேள்வி?" என்றாள் கிருஷ்ணம்மா.

ராதிகா படித்துத் தமிழில் சொன்னாள். பெங்களூரில் யாரோ போட்ட கைடிலிருந்து எடுத்த பாசேஜ். தென்னாட்டில் ஒரு தங்கச் சுரங்க ஊர் இருந்தது. சுரங்கம் மூடியதும் ஜனங்கள் ஊரைக் கைவிட்டுப் போய்விட்டார்கள். இன்று அங்கே யாரும் வசிப்பதில்லை. காலி வீடுகளில் காற்று மட்டும்தான் இருக்கிறது. கேள்வி: இன்று அந்த ஊரில் வசிப்பவர்கள் யார். வர வேண்டிய பதில்: யாரும் இல்லை. இரண்டு மார்க்.

"நீ இன்னா எழுதின?"

"நாங்க இருக்கோம்னு எழுதினேன்" என்றாள் ஜெனிட்டா.

 மூலையில் தூங்கிக்கொண்டிருந்தவள் கண்ணைத் திறந்தாள். "யாரும் இல்லியா? அப்ப இந்த ரயில்ல நிக்க இடம் இல்லாம தொங்கிகினு போறது யாரு?"

"பேயிதான். இரு, டி.டி. வரட்டும். பேய்க்கு எதுக்குப்பா சீசன் டிக்கெட்டுன்னு கேட்டுப் பாக்கறேன்" என்றாள் இன்னொருத்தி.

கிருஷ்ணம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விரலை மடக்க ஆரம்பித்தாள். மைசூர் மைன்ஸில் அவள் இருக்கும் லைனில், தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிய அந்த ஒரு வரிசையில் மட்டும், நாற்பத்தோரு வீடு. அதில் ஆறு வீட்டில் கைப்பிள்ளை. போன தை மாதத்திலிருந்து மூன்று கல்யாணம், இரண்டு காதுகுத்து, நாலு சாவு. "ஆளே இல்லாத ஊர்ல சாவறது யாரு? இவன் எப்ப வந்து எண்ணினான்?"

"அதுக்கு இல்ல ஆன்ட்டி" என்றாள் ராதிகா. "வால்டர் சார் என்ன சொல்லியிருக்காருன்னா, சரியான பதிலை எழுதிக் குடுத்தா ரெண்டு மார்க் போடறாராம். முப்பத்தஞ்சு ஆயிடும். ஃபார்ம் போயிடும். சும்மா எழுதிக் குடுத்துடுங்கக்கா. பாசேஜ்ல என்ன இருக்கோ அதைத்தான் எழுதணும். எக்ஸாம் அவ்ளோதான்."

"எழுதாத" என்றாள் கிருஷ்ணம்மா. "ரெண்டு மார்க்குக்காக நாம யாரும் இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுப்பியா? உங்கப்பன் அந்த வாசல்ல நின்ன ஆளு."

"வேலை போயிடும் ஆன்ட்டி. நீங்களா குடுப்பீங்க?"

இரண்டு பேரும் ஜெனிட்டாவை விட்டுவிட்டுத் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். அவள் பேப்பரை மடியில் வைத்துப் பார்த்தபடியே இருந்தாள். பங்காருப்பேட்டை போனது, டேக்கல் போனது. மாலூரில் ஏறிய கூட்டம் அமுக்கி நின்ற பிறகு வாயைத் திறந்தாள்.

"நீங்க ரெண்டு பேர் சொல்றதும் சரியில்ல."

"இன்னா சரியில்ல?"

"எங்கப்பா நோட்டீஸ் படிக்கறப்ப, இந்தத் தொழிலாளிங்க சோம்பேறிங்கன்னு கம்பெனி எழுதியிருந்தா எப்பிடிப் படிப்பாரு? மாத்தியா படிச்சாரு?"

"மாத்த மாட்டாரு. சோம்பேறின்னுதான் படிப்பாரு. அவரையே திட்டியிருந்தாலும் அப்பிடியே படிப்பாரு."

"அதுக்கப்புறம்தானே ஹெல்மெட்டைப் போட்டாரு. நான் முதல்லயே போட்டுட்டேன். அவன் இன்னா சொன்னான்னு சொல்லாமலே அவன் மேல கோவப்பட்டுட்டேன். அதான் மார்க் போச்சு. ராதிகா சொல்றபடி எழுதினா ஹெல்மெட்டைப் போடாமலே ஊட்டுக்குப் போன மாதிரி. அதுவும் எனக்கு ஆவாது."

கிருஷ்ணம்மாவுக்குச் சுருக்கென்றது. அந்த வாசலில் நின்று கேட்டவள் அவள். இவளோ அப்பா பேசுவதை அவ்வளவு பேருக்கு நடுவில் பார்த்ததே கொஞ்சம்தான். ஆனாலும் அவர் படிக்கிற கட்டு இவளுக்குத்தான் நினைவிருந்தது.

ஜெனிட்டா ராதிகாவின் கைப்பையைப் பலகையாக வைத்துக்கொண்டு, ரயில் ஆட்டத்தில் கோணலும் மாணலுமாக, சிவப்புக் குறிக்குக் கீழே இரண்டு வரி எழுதினாள். முதல் வரி: இன்று அந்த ஊரில் யாரும் வசிக்கவில்லை என்று பாசேஜ் சொல்கிறது. இரண்டாவது வரி: பாசேஜ் சொல்வது தவறு, நாங்கள் அங்கே வசிக்கிறோம். இங்கிலீஷில்தான். ராதிகா ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, "மிஸ்டேக் எதுவும் இல்லக்கா" என்றாள், மனசில்லாமல்.

அடுத்த ஞாயிறு சர்ச் விட்டதும் கிருஷ்ணம்மா வாசலிலேயே காத்திருந்து ஜெனிட்டாவோடு கூடப் போனாள். ஃபார்ம் கட்ட மறுநாள் கடைசி நாள். டுடோரியலில் பத்துப் பதினைந்து பேர் பெஞ்சில் இருந்தார்கள். வால்டர் சார் பேப்பரை வாங்கினார். ஐம்பது வயது, வெளுத்த சட்டை, பையில் இரண்டு பேனா. முதல் வரியைப் படித்துத் தலையாட்டினார். இரண்டாவது வரியில் முகம் மாறியது.

"முதல் வரி கரெக்ட். ரெண்டு மார்க். இரண்டாவது வரியை அடிச்சிடும்மா."

"அது இருக்கட்டும் சார்."

"இது இங்கிலீஷ் பேப்பர். பெட்டிஷன் இல்லை. கேட்காததை எழுதினா திருத்தறவங்களுக்குக் கோபம் வரும்."

"முதல் வரிக்கு மார்க் போடுங்க சார். ரெண்டாவது வரிக்கு மார்க் வேணாம். அது என்னுது."

"நான் இருபது வருஷமா சொல்லிக் குடுக்கறேன். பாசேஜ்ல இருக்கறதுதான் பதில். பாசேஜ்ல இல்லாதது இல்லை."

"நீங்க எங்க சார் இருக்கீங்க?"

"இங்கதான், நந்திதுர்க்ல. ஏன்?"

"பாசேஜ்ல நீங்களும் இல்ல சார்."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அதுதான் கெடுத்தது. வால்டர் சார் எழுந்து, ஃபைலைத் திறந்து, அவளுடைய ஃபார்மை உருவி மேஜைமேல் வைத்தார். "என் சீல் போட்டு இதை அனுப்பறதா இல்லை. நாளைக்கு நீ ஃபெயிலானா என் போர்டுக்குத்தான் கெட்ட பேரு. நீயே கட்டிக்க."

கிருஷ்ணம்மாவால் அதற்குமேல் வாயை அடக்க முடியவில்லை. "நீ மூணாம் நம்பர் லைன் ரத்தினம்மா பேரன்தானே? நாப்பது ஜனம் ஒரே குழாயில தண்ணி புடிச்ச லைன்ல பொறந்தவன் நீ. அந்தப் புள்ளையப் பார்த்து அந்த வரிய அடிக்கச் சொல்றியே, உனக்கு எப்பிடிப்பா கை வருது?"

"அம்மா, நீங்க யாரு?"

"நானா? பாசேஜ்ல இல்லாதவ."

ஜெனிட்டா கிருஷ்ணம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். ஃபார்மை எடுத்து மடிக்காமல் புத்தகத்துக்குள் வைத்தாள். "நன்றி சார்" என்றாள். அதில் கேலி இல்லை. கோபமும் இல்லை. தெருவுக்கு வந்ததும் புத்தகத்தைத் திறந்து, ஃபார்ம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தாள்.

"அந்த வரிய அடிச்சிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றாள் கிருஷ்ணம்மா. சொன்ன உடனே, தானா இப்படிச் சொல்கிறோம் என்று அவளுக்கே இருந்தது.

"முடிஞ்சிருக்கும்" என்றாள் ஜெனிட்டா. "வாங்கக்கா, டீ குடிச்சிட்டுப் போவலாம்."

மறுநாள் ரயிலில் அவள் இல்லை. லீவு போட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போயிருந்தாள். நடந்ததைச் செவ்வாய்க்கிழமைதான் சொன்னாள். காலையிலிருந்து வரிசையில் நின்றிருக்கிறாள். கூட நின்றதெல்லாம் பெற்றோரோடு வந்த பிள்ளைகள். ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் ஃபார்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில், டுடோரியல் சீல் எங்கே, கூட யாரும் வரவில்லையா என்று கேட்டிருக்கிறார். சீல் இல்லை சார், நான்தான் வந்திருக்கிறேன் என்று இவளும் கன்னடத்திலேயே சொல்லியிருக்கிறாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வா என்றார். அவள் சாப்பிடப் போகவில்லை. ஜன்னலுக்கு நேரே அப்படியே நின்றாள். அவர் சாப்பிட்டு வந்து பார்த்தபோதும் நின்றுகொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு டுடோரியல் இல்லை. ரயில்தான். கிறிஸ்மஸ் வந்தது, பாட்டுக் குழுவோடு வீடு வீடாகப் போய்ப் பாடுகிற வேலை இருந்தது. அதற்கும் போனாள். தொண்டை கட்டிக்கொண்டு வந்த நாட்களில் அர்த்தத்தைச் சொல்லாமல் எழுதிக் காட்டினாள். தூங்குகிற பெண்ணுக்கே அறுபது வார்த்தை வந்துவிட்டது. பொங்கல் முடிந்ததும் ஸ்டீவன் மறுபடி வார்டுக்கு வந்து, கூட வேலை பார்த்த நாலு பேர் ஏஜென்சி பேப்பரில் கையெழுத்துப் போட்டதைக் காட்டினான்.

"உனக்கு மட்டும் என்ன, பெரிய படிப்பா?"

"ஜூன் வரைக்கும் எனக்கு டைம் இருக்கு சார். நீங்க ஏன் ஜனவரிலயே வர்றீங்க?"

மார்ச் கடைசியில் இங்கிலீஷ் பரீட்சை. பிள்ளைகள் யூனிஃபார்மில் வந்திருக்க, இவள் புடவையில் போனதால் வாசலில் இருந்தவர் டீச்சர் என்று நினைத்து உள்ளே விட்டு, ஸ்டாஃப் ரூமைக் காட்டியிருக்கிறார். ஹால் டிக்கெட்டைக் காட்டித் திரும்பி வந்து தன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மறுநாள் ரயிலில் கிருஷ்ணம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"இந்த தபா இன்னா வந்துச்சு? யானையா?"

"ஒரு வயசானவரு. ஒரு குடைய பஸ்ல விட்டுட்டாரு. அதைக் கண்டுபுடிச்சுக் குடுத்த பொண்ணு."

"அவருக்குப் பொண்டாட்டி?"

"சொல்லல."

"நீ இன்னா எழுதின?"

"கேக்கல. எழுதல."

கிருஷ்ணம்மா சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். மே மாதம் ரிசல்ட் வந்தது. ராதிகாதான் போனில் நம்பர் போட்டுப் பார்த்தாள். இங்கிலீஷில் நாற்பத்துமூன்று. பெட்டியில் இருந்தவர்கள் கைதட்டியதில், ஆண்கள் பெட்டியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

அந்த வாரமே வால்டர் சார் ஸ்கெலட்டனுக்கு வீடு தேடி வந்துவிட்டார். நாற்பது வயதில் பாஸ் பண்ணிய குடும்பப் பெண் என்றால் டுடோரியல் ஃப்ளெக்ஸில் நடுவில் போடலாம் அல்லவா. ஒரு போட்டோ கேட்டார். கிருஷ்ணம்மா அன்றைக்கு அங்கேதான் இருந்தாள், கொடுத்துவிடட்டும் என்றுதான் நினைத்தாள். தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள்.

ஜெனிட்டா அவருக்குக் காபி கொடுத்தாள். "நீங்க சொல்லிக் குடுத்ததை மறக்க மாட்டேன் சார். ஆனா என் ஃபார்ம்ல உங்க சீல் இல்லியே. போர்டுல மட்டும் எப்பிடிப் போடுவீங்க?"

அவர் காபியை முழுக்கக் குடித்தார். "அந்தக் கைடை இந்த வருஷம் மாத்திட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சர்டிஃபிகேட் நகலை ஆஸ்பத்திரியில் கொடுத்தபோது ஸ்டீவன் மார்க்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "நாற்பத்துமூணுதானா?"

அவள் பையிலிருந்து சர்க்குலரை எடுத்தாள். இரண்டு வருஷமாக அதில் சாப்பாட்டு டப்பாவைச் சுற்றிவிடாமல் பத்திரமாக வைத்திருந்தாள். முதலில் அதில் இருந்ததை இருந்தபடி இங்கிலீஷில் வாசித்தாள், சத்தமாக, ஒரு சொல்லும் கூட்டாமல். வார்டில் இருந்த மற்ற ஆயாக்கள் வேலையை நிறுத்திக் கேட்டார்கள். வாசித்து முடித்து மடித்து வைத்துவிட்டு, "இதுல பாஸ்னுதான் சார் இருக்கு. எத்தனைன்னு இல்ல" என்றாள்.

ஸ்டீவன் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டான். ஏஜென்சி பேப்பரில் கையெழுத்துப் போட்டிருந்த நாலு பேரில் இரண்டு பேர் அன்றைக்குச் சாயங்காலம் அந்த சர்க்குலரைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

ஜெனிட்டா இப்போது அதே ஆஸ்பத்திரியில், இரண்டாம் மாடி பிரசவ வார்டில், நிரந்தர ஆயாவாக இருக்கிறாள். குடியிருப்பது ஸ்கெலட்டனில்.